அங்கிள் என்ன முறை

ஆங்கிலேயர் இந்த நாட்டுக்கு விட்டுச்சென்றவற்றுள் தலையாயது ரயிலும் அல்ல, தபாலும் அல்ல, கோர்ட்டும் அல்ல. 'அங்கிள்' என்னும் ஒரு சொல்லே என்று கருவேலங்குடி உக்கிரபாண்டி கண்டறிந்தார். கண்டறிந்தவர் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளை மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் தவறியவர். ஆராய்ச்சிக்குக் கிடைத்த நேரமும் அதிகமில்லை. வாசலில் மாலையும் கழுத்துமாக மகனும் ஒரு பெண்ணும் நின்றுகொண்டிருந்தார்கள். ஆரத்தி கரைத்து வருவதற்குள் ஒரு முடிவுக்கு வரவேண்டியிருந்தது.

உக்கிரபாண்டிக்கு நாலு ஏக்கர் மிளகாய்க் காடும் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நெல்லும் உண்டு. ஆனால் அவர் பெருமை நிலத்தில் இல்லை, முறையில் இருந்தது. திருவாடானையைச் சுற்றி இருபத்தேழு ஊர்களில் யாருக்கு யார் மாமன், யாருக்கு யார் பங்காளி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பெண் பார்க்கப் போகிறவர்கள் முதலில் அவரிடம் வந்து முறை கேட்டுவிட்டுத்தான் பூ வாங்கப் போவார்கள். பஸ்ஸில் அவருக்கு இரண்டு பக்கமும் முன்பின் அறியாத இருவர் உட்கார்ந்தால், அடுத்த நிறுத்தத்துக்குள் ஒருவர் மற்றவருக்குச் சித்தப்பா ஆகிவிடுவார். தட்டு மாற்றும் நேரத்தில், பெண்ணும் மாப்பிள்ளையும் அண்ணன் தங்கச்சி முறை என்று நிரூபித்து இரண்டு நிச்சயதார்த்தங்களை நிறுத்தியிருக்கிறார். அந்த நான்கு குடும்பத்தாரும் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை. அதையும் அவர் மரியாதையில்தான் சேர்த்திருந்தார்.

அப்படிப்பட்டவருடைய ஒரே மகன் தங்கப்பாண்டி. ராமநாதபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. அங்கேயே ரத்தப் பரிசோதனைப் பிரிவில் இருந்த டிலக்ஷனாவைக் கோயிலில் மாலை மாற்றிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். டிலக்ஷனா மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா தில்லையம்பலம் தொண்ணூறாம் ஆண்டு மன்னார்ப் பக்கத்திலிருந்து படகில் வந்து இறங்கியவர். எந்த ஊர், எந்த வகையறா, எந்தக் கோயில் என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. அந்த ஊர்தான் இருபத்தேழில் இல்லை.

உக்கிரபாண்டி கொடியவர் அல்ல. பெண்ணைப் போ என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் வாசலில் நின்று அவள் 'மாமா' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவர் மாமனார். அவர் மாமனார் என்றால் தில்லையம்பலம் சம்பந்தி. சம்பந்தி என்றால் அவருக்கு முன்னால் ஏழு தலைமுறை தெரிய வேண்டும். அந்த ஏழும் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தன.

"இந்தாம்மா, என்னைய அங்கிள்னு கூப்பிடு. அது எல்லாத்துக்கும் பொது" என்றார்.

"சரி அங்கிள்" என்றாள் அவள், உடனே.

மறுநாள் டீக்கடையில் அந்தச் சொல்லின் பொருளையும் பயன்பாட்டையும் அவர் விரிவாக விளக்கினார். நாம் பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று பிரித்துப் பிரித்துக் கஷ்டப்படுகிறோம். வெள்ளைக்காரன் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிட்டான். பேங்க் மேனேஜரும் அங்கிள், பக்கத்து வீட்டுக்காரரும் அங்கிள், சென்னையில் மாடிக்குத் தண்ணீர் கேன் கொண்டுவருகிறவரும் அங்கிள். அங்கிளுக்குச் சீர் கிடையாது, செய்முறை கிடையாது, அங்கிள் செத்தால் தீட்டு கிடையாது. அங்கிளோடு பங்காளித் தகராறு வந்ததாக எந்தக் கோர்ட்டிலும் வழக்கில்லை. வாசல்வரை மரியாதை, உள்ளே பாத்தியதை இல்லை. தலை வழுக்கையானவனைக் கல்லூரிப் பிள்ளைகள் அங்கிள் என்றால் அது வசவு என்று கடைக்காரர் ஒரு திருத்தம் சொன்னார். அதை உக்கிரபாண்டி ஏற்கவில்லை; தலையைத் தடவிக்கொண்டார்.

வீட்டில் மட்டும் ஆராய்ச்சி எடுபடவில்லை. அவர் மனைவி நாகலெட்சுமி, தனக்கு இங்கிலீசு வராது என்றும், தன்னை அத்தை என்றுதான் கூப்பிட வேண்டும் என்றும் மருமகளிடம் அன்றே சொல்லிவிட்டாள். இரண்டு தெரு தள்ளியிருந்த அவள் தம்பி வீரபத்திரன் இன்னும் மோசம். தங்கப்பாண்டிக்குத் தாய்மாமன் அவர். பெண்ணைப் பார்க்க வந்தவர் திண்பண்டப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்து, "நான் மாமன் தாயி" என்று அறிமுகம் செய்துகொண்டார். அன்றிலிருந்து அவர் மாமா.

போகும்போது அக்காள் புருஷனிடம் ஒரு சந்தேகம் கேட்டார்.

"மச்சான், எங்க அக்கா அதுக்கு அத்தை. நான் மாமன். அத்தை புருசன் அங்கிள்னா, நீங்க இந்த வீட்டுக்கு யாரு? குடிவந்தவரா?"

"ஒனக்கு முறையும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது மாப்ள" என்றார் உக்கிரபாண்டி.

இரண்டு ஆண்டுகள் ஓடின. டிலக்ஷனா அந்தச் சொல்லை ஒருநாளும் தவறவிட்டதில்லை. திருவாடானையில் ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தினமும் காலையில் கிளம்புமுன் அவர் விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்ப்பாள். "சாப்பாட்டுக்கு முந்தியே இருநூத்திப் பத்து, அங்கிள்" என்பாள். அவர் முதல்நாள் எங்கே எந்த வீட்டில் பாயாசம் குடித்தார் என்று யோசிப்பது போல் விட்டத்தைப் பார்ப்பார். அவள் வேறொன்றும் சொல்லமாட்டாள். பஞ்சை விரலில் வைத்து அழுத்தி, ரத்தம் நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருப்பாள். அவ்வளவு நேரம் பிடிக்க வேண்டிய காயம் அல்ல அது. உக்கிரபாண்டியும் கையை இழுத்துக்கொண்டதில்லை.

அந்த நேரத்தில்தான் பெரும்பாலும் வீரபத்திரன் பால் கொண்டுவருவார். "வாங்க மாமா, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்று அவள் குரல் திரும்பும். அதில் ஏதோ ஒன்று கூடுதலாக இருப்பதாக உக்கிரபாண்டிக்குப் பட்டது. வீரபத்திரன் படிக்காதவர், முறை தெரியாதவர், தோளில் ஒரு துண்டைத் தவிர சொந்தமாக ஒரு கௌரவமும் இல்லாதவர். அவருக்கு அது தினமும் இனாமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது.

பேத்தி பிறந்தாள். உமையாள் என்று பெயர். பதினோராம் மாதத்தில் குலதெய்வக் கோயிலில் முடியெடுத்துக் காதுகுத்து என்று முடிவாயிற்று.

காதுகுத்துக்குப் பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்காரவைக்க வேண்டும். பத்திரிகையில் அவர் பெயர் கொட்டை எழுத்தில் வரவேண்டும். டிலக்ஷனாவுக்கு ஒரே தம்பி, தர்சிகன். முகாமிலிருந்து பெயிண்ட் வேலைக்குப் போகிறவன். மாமன் மடி என்றால் அவன் மடி. ஆனால் அதை அச்சில் ஏற்றினால், இத்தனை நாளும் வாசலில் நிறுத்திவைத்திருந்த ஏழு தலைமுறையும் ஒரே வரியில் உள்ளே வந்துவிடும். தாய்மாமன் இல்லாத வீட்டில் மாமன் முறைக்காரர் ஒருவரை உட்காரவைப்பது வழக்கம்தான். உக்கிரபாண்டி அந்த வழக்கத்தை இழுத்துப் பிடித்து, 'தாய்மாமன் ஸ்தானம்: வீரபத்திரன்' என்று போட்டு முன்னூறு பத்திரிகை அடித்துவிட்டார்.

டிலக்ஷனா பத்திரிகையை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தாள். கீழே வந்ததும் மறுபடி மேலே போனாள். பிறகு மடித்துக் கொடுத்தாள்.

"நல்லா இருக்கு அங்கிள்."

அவள் உள்ளே போனபின் தங்கப்பாண்டி அப்பாவிடம் மெதுவாகச் சொன்னான். "அய்யா, அவ ஒண்ணும் கேக்க மாட்டா. அவ தம்பிப் பய ஒரு மாசமாப் பச்சைப் பட்டுப் பாவாடை எடுத்து வச்சிட்டு, எப்பன்னு கேட்டுக்கிட்டு இருக்கான். மடியில வைக்கக் கூடாதுன்னு நீங்களே போயிச் சொல்லிருங்க. எனக்கு வாய் வராது."

வீரபத்திரனும் வந்து, தன் மடி இருபது பிள்ளைகளைப் பார்த்துவிட்டது, இதற்குப் பாத்தியப்பட்டவன் வேறொருவன் என்று சொல்லிப் பார்த்தார். உக்கிரபாண்டி கேட்கவில்லை. அச்சடித்தது அடித்ததுதான். ஆனாலும் முகாமுக்குப் போய் அழைக்காமல் இருக்க முடியாது. நாகலெட்சுமி முழங்கால் வலியோடு உட்கார்ந்தபடியே தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம் எல்லாம் அடுக்கிக் கொடுத்தாள். பத்திரிகையைக் கையில் கொடுத்துவிட்டு வருவதாகத்தான் அவர் எண்ணியிருந்தார். தாம்பாளம் இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள்.

பஸ்ஸில் டிலக்ஷனா மடியில் பிள்ளையோடு ஜன்னல் பக்கம் இருந்தாள். உச்சிப்புளி தாண்டியதும் அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. இந்த ஊர்களில் தனக்கு ஒரு முறைக்காரனும் இல்லை என்பதை உக்கிரபாண்டி அப்போதுதான் உணர்ந்தார். பக்கத்தில் இருந்த மீன் வியாபாரியிடம் எந்த ஊர் என்று கேட்டார். பாம்பன் என்றார் அவர். பேச்சு அதோடு நின்றது.

முகாமில் வரிசையாக ஒட்டி ஒட்டி இருந்த வீடுகளில் ஒன்று தில்லையம்பலத்தினுடையது. அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்தார்.

"வாங்கோ சம்பந்தி, வாங்கோ. உள்ள வாங்கோ."

"இருக்கட்டும் சார்" என்றார் உக்கிரபாண்டி. சார் என்பது அங்கிளின் தம்பி.

டிலக்ஷனாவின் அம்மா குணபூஷணி தேத்தண்ணி கொண்டுவந்தாள். இவருக்குச் சீனி கூடாது என்று மகள் போனில் முன்னமே சொல்லியிருந்ததால், தனிக் குவளையில் சீனியில்லாத் தேத்தண்ணி. தர்சிகன் நகக்கண்ணில் வெள்ளைப் பெயிண்டோடு நின்றான். பாவாடையை உறை பிரிக்காமல் காட்டினான். அளவு கொஞ்சம் பெரிதாக எடுத்திருக்கிறேன், அடுத்த வருசமும் போடலாம் என்றான். உக்கிரபாண்டி பத்திரிகையைத் தாம்பாளத்தில் கவிழ்த்து வைத்துக் கொடுத்தார். அவர்கள் அதை நிமிர்த்திப் படிப்பதற்குள் தர்சிகன் கிளம்பிவிட்டான். முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு. முதல்நாளே வந்து தங்க வேண்டும். முகாமுக்கு வெளியே இரவு தங்க முகாம் ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டும். ஆபீஸ் ஒரு மணிக்கு மூடிவிடும். அழைத்தவரே நேரில் வந்தால் நல்லது. கொஞ்சம் வரமுடியுமா அங்கிள் என்றான்.

சொல்ல வந்ததைச் சொல்ல இடம் கிடைக்காமல் உக்கிரபாண்டி அவர்களோடு நடந்தார்.

ஆபீஸுக்கு வெளியே ஒரு பெஞ்சு. தர்சிகன் வரிசையில் நின்றான். டிலக்ஷனாவும் அவரும் பிள்ளையோடு உட்கார்ந்தார்கள். கையில் கோப்போடு ஒரு அலுவலர் அவர்களைக் கடந்து உள்ளே போனார்.

"வணக்கம் அங்கிள்" என்றாள் டிலக்ஷனா.

அலுவலரும் திரும்பினார், உக்கிரபாண்டியும் திரும்பினார். தன்னைத்தான் கூப்பிட்டாள் என்று திரும்பிய உக்கிரபாண்டி, அவள் தன்னைப் பார்க்கவில்லை என்று கண்டார். எழுந்து நின்றிருந்தாள். தாவணி போலத் துப்பட்டாவை இழுத்துவிட்டு, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி, குரலை அரைப்படி இறக்கி. தினமும் காலையில் ஊசியோடு அவர் எதிரே நிற்கும் அதே நிலை, அதே குரல். அதை மரியாதை என்று அவர் எண்ணியிருந்தார். அலுவலரும் அப்படித்தான் எண்ணினார் போலிருக்கிறது, தலையசைத்துவிட்டுப் போனார்.

"அவுக உனக்கு என்ன முறை?" என்று கேட்டார் உக்கிரபாண்டி. பழக்கதோஷம்.

அவள் சிரித்தாள். "முறையா? ஒண்ணும் இல்ல அங்கிள். ஆள் எண்ண வாரவங்க, அட்டை பார்க்க வாரவங்க எல்லாரையும் சின்னதுல இருந்தே அங்கிள்னுதான் கூப்பிடுவோம். சார்னு சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லித் தந்தது. சேர் எண்டா அவை சேராவே இருப்பினம், அங்கிள் எண்டா கொஞ்சம் இரங்குவினம் எண்டு சொல்லுவா."

"அப்ப யாரைத்தான் அங்கிள்னு கூப்புடுறது?"

பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். அவளிடம் இதற்குமுன் யாரும் கேட்டதில்லை.

"நமக்கு ஒண்ணு செய்யணும்னு அவங்களுக்குக் கட்டாயம் இல்ல. மனசு வச்சா செய்வாங்க. அந்த மாதிரி ஆளுங்களை."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. டீக்கடையில் அவர் ஒரு முழு மாலை எடுத்துக்கொண்ட விஷயத்தை அவள் இரண்டு வரியில் முடித்துவிட்டாள். அதோடு துப்பட்டாவின் நுனியால் அவர் சட்டையில் பிள்ளை வடித்திருந்ததையும் துடைத்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். அலுவலர் பத்திரிகையை வாங்கிக் கண்ணாடியை இறக்கிப் படித்தார். தாய்மாமன் வீரபத்திரன் என்று போட்டிருக்கிறதே, இந்தப் பையன் யார் என்று கேட்டார். தர்சிகன் முதல்முறையாக அந்த வரியைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். தெரிந்தவர்கள் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் ராத்தங்க அனுமதி கொடுப்பதில்லை, நெருங்கிய சொந்தம் என்றால் மட்டும்தான் என்று அலுவலர் விளக்கினார். நியாயமாகத்தான் பேசினார். நீங்கள் இந்தப் பையனுக்கு என்ன உறவு என்று உக்கிரபாண்டியிடம் கேட்டார்.

இருபத்தேழு ஊருக்கு முறை சொன்னவர், பத்திரிகையில் தானே போட்ட வரியைப் பார்த்தார்.

"அங்கிள்" என்றாள் டிலக்ஷனா. இருவரும் திரும்பினார்கள். அவள் அலுவலரிடம்தான் பேசினாள். "ராத்தங்க வேணாம் அங்கிள். காலையில முதல் பஸ்ஸுக்கு வந்து, சாப்பிட்டுட்டு, சாயந்தரம் திரும்பிருவான். காது குத்தி முடிஞ்சிருக்கும். பரவாயில்ல."

"இரும்மா" என்றார் உக்கிரபாண்டி. பத்திரிகையை மேஜையில் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எழுதிக்கங்க. இவ என் மருமக. இவன் மருமக கூடப்பிறந்தவன். என் பேத்திக்குத் தாய்மாமன்."

"பத்திரிகையில வேற பேரு இருக்கே?"

"அது அச்சுப் பிழை" என்றார் உக்கிரபாண்டி. அலுவலரின் பேனாவையே வாங்கி, வீரபத்திரனை ஒரு கோடு கிழித்து நீக்கிவிட்டு, மேலே 'தாய்மாமன்: தி. தர்சிகன்' என்று எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணியிருந்தது. ஸ்தானம் என்ற சொல்லையும் அடித்துவிட்டார்.

அனுமதி கிடைத்தது. வெளியே வந்ததும் தர்சிகன் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். டிலக்ஷனா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் வந்தாள். உக்கிரபாண்டி நிமிர்ந்து நின்றார். அவருக்குத் தெரியும், 'மாமா' என்ற அந்தச் சொல் இப்போது வரும்.

"ரொம்ப தேங்க்ஸ் அங்கிள்" என்றாள்.

வீட்டில் மீதமிருந்த எண்பத்துச் சொச்சம் பத்திரிகைகளிலும் வீரபத்திரனை அவரே உட்கார்ந்து அடித்து எழுதினார். வீரபத்திரன் பக்கத்தில் இருந்து மை காய ஊதிக் கொடுத்தார். ஏற்கெனவே கொடுத்துவிட்ட வீடுகளுக்கு உக்கிரபாண்டி மறுபடி போய் வாயால் சொல்லிவிட்டு வந்தார். ஆனால் அங்கிள் அங்கிளாகவே இருந்தார். மருமகள் என்று அரசாங்க ஆபீஸில் அறிவித்தாகிவிட்டது; மாமா என்று கூப்பிடு என்று வீட்டில் சொல்லத்தான் அவருக்கு நா எழவில்லை. சாடையாக ஒருநாள் முயன்று பார்த்தார். "யாராச்சும் வந்து மாமா எங்கன்னு கேட்டா, காட்டுக்குப் போயிருக்காகன்னு சொல்லு" என்றார்.

"வீரபத்திரன் மாமா இப்பத்தானே பால் ஊத்திட்டு வீட்டுக்குப் போனாங்க அங்கிள்" என்றாள் அவள்.

நாகலெட்சுமி அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு அவரிடம் தனியாகச் சொன்னாள். "நீங்க போட்ட சட்டம். அது சொல் தட்டாத பிள்ளை. ஆத்தா கூப்புடுறதத்தான் நாளைக்கு உமையாளும் கூப்புடும். பேத்திக்கும் அங்கிளா இருந்துக்கங்க."

காதுகுத்து அன்று ஆறு மணிக்கு தர்சிகன் புது வேட்டியில் மணையில் உட்கார்ந்தான். மொட்டைத் தலையில் சந்தனமும் அளவு பெரிதான பச்சைப் பாவாடையுமாக உமையாள் அவன் மடியில். வேட்டி கட்டிப் பழகாதவன். ஒரு கை இடுப்பு முடிச்சிலும் ஒரு கை பிள்ளையின் மேலுமாக இருந்தான். ஊசி இறங்கியதும் பிள்ளை வீறிட, அவன் கண்ணிலும் தண்ணீர் வந்தது. பார்த்திருந்த கிழவர் ஒருவர், பெருமாளூர்க்காரர், முறை விஷயத்தில் உக்கிரபாண்டிக்கு அடுத்த இடத்தில் இருப்பவர், பையன் எந்த ஊர் என்று கேட்டார்.

"மண்டபம்."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி கடலு" என்றார் உக்கிரபாண்டி. "அதுக்கும் அந்தப் பக்கம் நமக்கு ஒரு ஊரு இருக்கு. இருபத்தெட்டாவது."

கிழவர் இதை எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் வெற்றிலையைத் தேடினார். டிலக்ஷனா பிள்ளைக்கு ஊட்ட வாழைப்பழம் உரித்துக்கொண்டு இரண்டு அடி தள்ளி நின்றிருந்தாள். உரிப்பது நின்றது. ஒரு கணம் கழித்து மறுபடி தொடர்ந்தது.

புளியமரத்தடிப் பந்தலில் சாப்பாடு. முதல் பந்தியில் உக்கிரபாண்டியும் வீரபத்திரனும் பக்கத்துப் பக்கத்து இலை. ஒரு லட்டு முடிந்திருந்தது. ஊர் முழுக்கப் பந்தலில் இருந்ததால் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று உக்கிரபாண்டி இரண்டாவதை எடுத்தார்.

"மாமா" என்றாள் டிலக்ஷனா, பின்னால் இருந்து.

வீரபத்திரன் திரும்பினார். உக்கிரபாண்டி லட்டில் பாதியைக் கடித்தார்.

"உங்கள இல்ல மாமா, அவங்களை" என்று வீரபத்திரனிடம் சொல்லிவிட்டு, இன்னும் பக்கத்தில் வந்து, இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். "மாமா, போதும். காலையில இருநூத்தி நாப்பது."

குரல் அரைப்படி இறங்கியிருக்கவில்லை. கோபமும் உரிமையும் சரிபாதியாக இருந்தன. அந்தப் பந்தலில் மாமன்கள் முப்பது பேராவது இருந்தார்கள். வீரபத்திரன் சாப்பிடுவதை விட்டுவிட்டு மச்சான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உக்கிரபாண்டி, இன்னொரு தடவை கேட்கலாமே என்று, மீதிப் பாதியையும் வாயில் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது தடவை அவள் "அங்கிள்" என்றாள். அவர் உடனே திரும்பினார்.